நாலு மூலை மஞ்சள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இரண்டு சுழி ன எங்கே வரும், மூன்று சுழி ண எங்கே வரும் என்பது இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். சின்ன ர, பெரிய ற கதையும் அதேதான். இதைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவதாக எங்கள் ஆபீஸ் தங்கச்சி சொல்லியிருக்கிறாள். அவள் திருத்திவிடுவாள். அவள் கண்ணுக்கும் தப்பிய பிழைகள் என்னுடையவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் எழுதுகிற இந்தத் தாள்களின் நாலு மூலையிலும் மஞ்சள் இருக்கிறது. ஏதோ மங்கல காரியத்துக்கு வாங்கிய தாள் என்று நினைக்க வேண்டாம். மெஷின் கடித்துத் துப்பிய தாள்கள் இவை. முன்பக்கம் பாதி அச்சு, பின்பக்கம் வெறுமை. ஒரு சாக்கு நிறையக் கிடக்கின்றன. யாருக்கும் வேண்டாம் என்பதால் எடுத்துக்கொண்டேன். இந்தச் சாக்கு எப்படி வந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், முன்பு அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்த கட்டடத்தில் எங்கள் ஆபீஸ் இருக்கிறது. பள்ளிக்கூடங்கள், சங்கங்கள், கோயில் கமிட்டிகள் எல்லாம் கடிதத்தையும் முகவரிப் பட்டியலையும் எங்களிடம் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் அச்சடித்து, மடித்து, கவரில் போட்டு, ஒட்டி, தபால் ஆபீஸில் சேர்த்துவிடுவோம். இத்தனையையும் செய்ய ஒரு மெஷின் இருக்கிறது. முதலாளி சென்னையில் இருந்து பழசாக வாங்கி வந்தது. ஒரு முனையில் வெள்ளைத் தாளை அடுக்கினால் மறுமுனையில் ஒட்டிய கவர் வந்து விழும். நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாம் சரியாகப் போனால் தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக ஓடும். ஒரு தாள் கோணினால் பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் அமைதி. அந்த அமைதிதான் எனக்குப் பயம்.

நான் இங்கே சேர்ந்தது மூட்டை தூக்க. எட்டு வருஷம் தபால் சாக்குகளை மொபெட்டில் வைத்துத் தபால் ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திருப்பூருக்குப் போய்விட்டார். அடுத்து வந்த இரண்டு பேர் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. வேறு ஆள் இல்லாமல்தான் முதலாளி என்னை மெஷின் பக்கம் கூப்பிட்டார். மூன்று வருஷம் ஆகிறது. தாள் அறையின் சாவியும் என்னிடம் வந்தது.

மூட்டை தூக்குவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு விஷயம் எனக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது என்கிற நிலை எனக்கு வந்தது. அதை இழக்க மனசு இல்லை. இந்த வருஷம் வைகாசியிலேயே முதலாளி சொல்லிவிட்டார்.

"சாரல் தொடங்கப் போகுது. போன வருசம் மாரி பாதி நாள் மெஷின் கெடந்து தூங்கக்கூடாது வே. இந்த சீசன்ல ஒரு நாள் முழுசா நின்னுட்டுன்னு வையும், நீரு பழையபடி மூட்டைக்குப் போக வேண்டியதுதான். ஐ.டி.ஐ. படிச்ச ஆள் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

முதலாளி சாதாரணமாக இருந்தால் 'வே' என்பார், 'நீரு' என்பார். கோபம் வந்தால் 'லே' வந்துவிடும். அன்று 'வே'தான் சொன்னார். அதனால் அது கோபத்தில் சொன்ன பேச்சு இல்லை, யோசித்துச் சொன்னது என்று எனக்குப் புரிந்தது.

சாரல் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சந்தோஷம். மேற்கே மலையில் மேகம் இறங்கினால் அருவியில் தண்ணீர் விழும், கார் காராக வருவார்கள். எனக்கு அது தாளின் பகைவன். மழை என்றால் ஜன்னலைச் சாத்தலாம். சாரல் அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் விறைப்பாக இருந்த தாள் சாயங்காலம் துவைத்த வேட்டி மாதிரி தொங்கும். ஓரத்தில் அலை அலையாக எழும்பும். கவரின் பசை, யாரும் நனைக்காமலேயே தானாக ஒட்டிக்கொண்டு விடும். ஒரு கட்டுக் கவர் வாய்மூடிக் கிடக்கும். என்னை மாதிரி.

அதற்கு நான் எனக்குத் தெரிந்த வழிகளைச் செய்து வைத்திருந்தேன். தாள் பெட்டிகளைத் தரையில் வைப்பதில்லை. பலகை போட்டு அதன்மேல்தான். மேற்குச் சுவரை ஒட்டி எதையும் வைப்பதில்லை. கட்டின் உறையை வேலை தொடங்கும் முன் கிழிப்பதில்லை. அந்த உறையின் உள்பக்கம் மெழுகு பூசியிருப்பார்கள். தாளுக்கு அதுதான் குடை. நாளைக்கு வேண்டிய கட்டுகளை இன்றைக்கே உறையோடு மெஷின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவேன், அந்த அறையின் சூட்டுக்குப் பழகட்டும் என்று. கவர்களை ஒரு மர அலமாரியில் வைத்து உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டேன். முதலாளி பார்க்கும்போதெல்லாம், "பகல்ல யாருக்குவே வெளக்கு?" என்று அணைத்துவிட்டுப் போவார். அவர் போனதும் மறுபடி போடுவேன். மூன்று வருஷமாக அதற்கு ஒரு பதில் சொன்னதில்லை. போடுவேன், அவ்வளவுதான்.

தாள் வாங்குவதிலும் இதே பாடுதான். முதலாளிக்குத் தாள் வெள்ளையாக இருந்தால் போதும். எனக்கு அது எந்தப் பக்கம் கிழிகிறது என்று தெரிய வேண்டும். மூட்டை தூக்க வருவதற்கு முன், சீசன் நாட்களில் குற்றாலத்தில் ஒரு சிப்ஸ் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். பழைய செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் கோடு போட்ட மாதிரி நேராக வரும். குறுக்கே கிழித்தால் எங்கெங்கோ ஓடும். எல்லாத் தாளுக்கும் உள்ளே அப்படி ஒரு நார் ஓட்டம் இருக்கிறது. என் மெஷினுக்கு நார் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஈரக்காற்றில் ரோலர் பக்கம் போகும் முன்பே சுருண்டுகொள்ளும். அதைக் கண்டுபிடிக்க ஒரு துண்டு கிழித்து ஒரு பக்கத்தை நாக்கில் தொட்டுப் பார்ப்பேன். துண்டு குழல் மாதிரி சுருளும். அந்தக் குழல் நீளும் பக்கம்தான் நார் ஓட்டம்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் தங்கச்சி இதை முதல் நாள் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, உப்பு சரியா இருக்கா?" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்புறம் ஒரு நாள் தாள் கட்டின் உறையில் இங்கிலீஷில் இருந்ததை அவளே படித்துச் சொன்னாள். "லாங் கிரெய்ன்னு போட்டிருக்கு அண்ணாச்சி. பிரியாணி அரிசி மூடையிலயும் இதைத்தான் போட்டிருக்கான். அரிசிக் கிட்டங்கில அரிசிதான் வந்து எறங்குது. நீங்க ருசி பாக்குததும் சரிதான்." சிரித்தாள். பிறகு அவளே அது நார் நீளமாக ஓடுவதைச் சொல்கிறது என்று போனில் பார்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகும் நான் நாக்கில் தொட்டுத்தான் பார்க்கிறேன். உறையில் எழுதியிருப்பதை என்னால் படிக்க முடியாது. நாக்கு பொய் சொல்லாது.

இவ்வளவு பாடுபட்டு வைத்திருக்கும் இடத்துக்கு, குற்றாலத்தில் குளித்த ஆட்கள் ஈரத் தலையோடு ஜெராக்ஸ் எடுக்க வருவார்கள். விடுதியில் ஆதார் நகல் கேட்பார்களாம். போன மாதம் ஒருவர் உடம்பெல்லாம் எண்ணெயும் தண்ணீருமாக வந்து, நான் அப்போதுதான் பிரித்து வைத்த கட்டின்மேல் ஈரத்துண்டைப் போட்டுவிட்டுப் பணம் தேடினார். 'துண்டை எடுங்க' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் போகும்வரை துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நூறு தாள் போயிற்று. தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "வாயில என்ன கொழுக்கட்டையா அண்ணாச்சி?"

கொழுக்கட்டைதான். அது சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. முகத்துக்கு நேராக ஒருவரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல என்னால் முடிந்ததில்லை.

மெஷின் நின்றது ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால் சுந்தரபாண்டியபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். ஆடி மாதக் கடைசிச் செவ்வாய் அவர்கள் ஊரில் கோயில் கொடை விழா. சென்னை, மும்பை, துபாய் என்று போய்விட்ட ஊர்க்காரர்கள் எண்ணூறு குடும்பத்துக்கு அழைப்பு அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமையே தபாலில் சேர வேண்டும், அப்போதுதான் ரயிலுக்குப் பதிவு செய்ய நாள் இருக்கும் என்றார். எல்லாம் பேசி முடித்து எழுந்தவர், மாதிரிக்கு அச்சடித்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மஞ்சள் எங்க?"

முதலாளிக்குப் புரியவில்லை.

"நாலு மூலைக்கும் மஞ்சள் வைக்கணும்லா? இப்பிடி வெறும் வெள்ளையா அனுப்புனா, பிரிக்கவன் எவன் செத்தான்னுல்ல கேப்பான்? இது கொடைப் பத்திரிகை மொதலாளி, கருமாதிப் பத்திரிகை இல்ல."

அவர் சொன்னது நியாயம்தான். நல்ல காரியத்துக்கு மஞ்சள் வைக்காத பத்திரிகையை எங்கள் பக்கத்தில் யாரும் கையில் வாங்கமாட்டார்கள். முதலாளி கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். பிறகு முகம் மலர்ந்தது.

"ஒவ்வொண்ணாத் தடவுனா ரெண்டு நாள் ஆவும். தாளக் கட்டோட நிமித்தி வச்சி, கட்டோட நாலு மூலையிலயும் பிரஷ்ஷால இழுத்துட்டம்னா? ஐநூறு தாளுக்கும் ஒரே இழுப்புல மஞ்சள் ஏறிரும்லா? அப்புறம் மெஷின்ல வைக்க வேண்டியதுதான்."

"மூளைன்னா ஒமக்குத்தான்யா மூளை," என்றார் பெரியவர்.

நான் பக்கத்தில் கவர் அடுக்கிக்கொண்டிருந்தேன். மெஷினில் தாளை எடுக்கிற இடத்தில் ரப்பர் உருளை ஒன்று மேல் தாளைத் தேய்த்து இழுக்கும். ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவில் காற்று இருந்தால்தான் தனியாக வரும். அதற்காகத்தான் ஒவ்வொரு கட்டையும் விசிறி மாதிரி விரித்து உதறி வைப்பேன். மூலையில் ஈரம் பட்டால் முடிந்தது. என் மனசில் அப்போதே வேறு வழியும் வந்தது. கவராக ஒட்டி வெளியே வந்த பிறகு கவரின் நாலு மூலையில் தடவினால் என்ன? மெஷினுக்கும் கெடுதல் இல்லை, பிரிக்கிறவருக்கும் கையில் வாங்கும்போதே மஞ்சள் தெரியும். இது என் மனசில் முழுசாக இருந்தது. சொல்லவில்லை. மூளைக்காரர் என்று ஒருவர் புகழப்பட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் போய் நான் என்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை காலை பெரியவர் எட்டு மணிக்கே வந்துவிட்டார். வெளியே சாரல் தூற்றிக்கொண்டிருந்தது. முதலாளி ஒரு கிண்ணத்தில் மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்தார். தடவிப் பார்த்தால் காய்ந்ததும் உதிர்ந்தது.

"இது நிக்காது. ஒண்ணு செய்யும் வே. பக்கத்து மெஸ்ல போயி ஒரு டம்ளர் வடிகஞ்சி வாங்கிட்டு வாரும். வேட்டிக்குக் கஞ்சி போடுதோம்லா, அதே மாரி. கஞ்சியில கொழைச்சா உதிராது."

கஞ்சி. அது பசை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் அதை வைத்துத்தான் சுவரில் ஒட்டுகிறார்கள்.

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன். மெஸ்ஸில் அப்போதுதான் முதல் உலை வடித்திருந்தார்கள். சூடாகக் கிடைத்தது. திரும்பி வருகிற வழியில் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பழகினேன். 'மொதலாளி, தாள் ஒட்டிக்கிடும்.' மூன்றே சொல். 'மொதலாளி, தாள் ஒட்டிக்கிடும்.' ரோட்டில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். வாசல்வரை அந்த வாக்கியம் வாயில் இருந்தது. உள்ளே போனேன். பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். முதலாளி கையை நீட்டினார். டம்ளரைக் கொடுத்தேன்.

இந்த இடத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. முதலாளிமேல் இல்லை. அந்த டம்ளரைக் கொடுத்த கைமேல்.

தடவியாயிற்று. மின்விசிறிக்குக் கீழே வைத்தோம். சாரல் நாளில் விசிறி காய வைக்காது. ஈரக்காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். ஒரு மணி நேரம் கழித்து முதலாளி மூலையைத் தொட்டுப் பார்த்து, "காஞ்சிட்டு" என்றார். காயவில்லை. மேலே தோல் கட்டியிருந்தது. நான் கட்டை எடுத்து உதறப் பார்த்தேன். விரியவில்லை. மூலைக்கு மூலை கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. விரலை விட்டுப் பிரித்தால் மூலை கிழிந்தது.

"என்னவே தடவிக்கிட்டு நிக்கீரு? வையும்!"

வைத்தேன்.

முதல் இருபது தாள் எப்படியோ போயிற்று. பெரியவர் எழுந்து வந்து கவர் விழுவதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மூன்று மூன்றாக இழுத்தது. பிறகு ஒரு கொத்தாக. பல்லைக் கடிக்கிற சத்தம் வந்தது. நான் கதவைத் திறந்து கொத்தை உருவினேன். மறுபடி ஓட்டினேன். மறுபடி நின்றது. உள்ளே ரோலரின் சூட்டில் கஞ்சி இளகி, ரப்பரில் ஏறி, ரப்பரிலிருந்து அடுத்த தாளில் ஏறி, மஞ்சள் மஞ்சளாக எல்லா இடமும் கோடு. தாள் வந்ததா இல்லையா என்று பார்க்க மெஷினுக்கு உள்ளே கண் மாதிரி ஒரு விளக்கு இருக்கிறது. அதன்மேலும் மஞ்சள் படிந்துவிட்டது. அப்புறம் தாள் இல்லாதபோதும் இருக்கிறது என்றது, இருக்கும்போது இல்லை என்றது. பதினொரு மணிக்குச் சுத்தமாக நின்றுவிட்டது.

"சவம் நின்னுட்டே!" முதலாளி மெஷினை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏலே, தாள ஒதறி வைக்கணும்னு ஒனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? ஒரு தாள ஒழுங்கா வைக்கத் தெரியாது, நீ மெஷின் பாக்க வந்துட்ட!"

தாளை உதறி வைக்க வேண்டும் என்று அவர் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அது நானாகக் கண்டுபிடித்தது. அதைக்கூடச் சொல்லவில்லை.

பெரியவருக்குப் பதற்றம் வந்துவிட்டது. "இன்னைக்கே தபால்ல போடணும்லா? மும்பைக்காரன் டிக்கெட் எடுக்காண்டாமா? கொடை அன்னைக்கிப் பத்திரிகை போய்ச் சேந்தா, பத்திரிகைய வச்சி மொகத்தத் தொடைக்கதுக்கா?"

தங்கச்சி தன் மேசையில் இருந்த சின்னப் பிரிண்டரில் அடிக்கத் தொடங்கினாள். நான் தாள் அறையில் இருந்து பிரிக்காத கட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அடித்துத் தர, நானும் முதலாளியும் பெரியவரும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து மடித்தோம், கவரில் போட்டோம், ஒட்டினோம். பொட்டலம் மடித்த கை என்பதால் நான் இரண்டு பேர் வேலை செய்தேன். யாரும் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு எண்ணூறும் முடிந்தது.

"மஞ்சள்?" என்றாள் தங்கச்சி.

பெரியவர் ஒட்டிய கவர்களைக் கட்டுக் கட்டாக எடுத்தார். கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, ஒவ்வொரு கட்டின் மூலையிலும் இழுத்து, உடனே சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துவிட்டார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"இத மொதல்லயே இப்பிடிச் செஞ்சிருக்கலாம்லா? மெஷின் பாட்டுக்கு மெஷின், மஞ்சள் பாட்டுக்கு மஞ்சள். இங்க இத்தன பேரு இருக்கியளே, ஒருத்தருக்குமா தோணல?"

நான் குனிந்து பாயைச் சுருட்டினேன்.

மறுநாள் மதுரையில் இருந்து மெக்கானிக் வந்தார். மெஷினின் வயிற்றைத் திறந்து தலையை உள்ளே விட்டவர் வெளியே வந்து மூக்கைத் தேய்த்தார். "ஏண்ணே, இதுக்குள்ள பொங்கல் வெச்சீங்களா? சோத்து வாடை வருது, மஞ்சளாவும் இருக்கு."

தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். முதலாளி சிரிக்கவில்லை.

மத்தியானம்வரை துடைத்துச் சரிசெய்தார். கிளம்பும்போது ஒரு படிவத்தை நீட்டினார். அதில் 'கோளாறுக்கான காரணம்' என்று ஒரு கட்டம். முதலாளி சொன்னார்: "ஆளு தாளச் சரியா வைக்கல. அப்பிடியே எழுதிக்கிடுங்க."

"நான் எழுதக்கூடாதுங்க. மெஷின் பாக்குறவர் தன் கையால எழுதி, கையெழுத்துப் போடணும். கம்பெனிக்கு அப்படித்தான் வேணும். நீங்கதானண்ணே?" என்று என்னிடம் பேனாவைக் கொடுத்தார்.

"எழுதுலே," என்றார் முதலாளி. "தாள் சரியாக வைக்கவில்லை. அவ்வளவுதான்."

பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டம் பெரியதாக இருந்தது. மெக்கானிக்குக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "சரி, எழுதி போட்டோ எடுத்து அனுப்புங்க. ஆனா அது வந்தாத்தான் அடுத்த தடவ கூப்பிட்டா வருவோம்," என்று சொல்லிவிட்டு ஓடினார். படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே சாவியை முதலாளி வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து நான் மூட்டைக்குப் போனேன். ஐ.டி.ஐ. ஆள் சம்பளம் ஒத்துவரவில்லை என்று வரவில்லையாம். முதலாளியே மெஷினில் நின்றார்.

தினமும் காலையில் கேட்பார். "எழுதியாச்சா?"

"நாளைக்கி எழுதுதேன் மொதலாளி."

முதல் இரண்டு நாள், எழுத்துப் பிழைக்குப் பயந்துதான் எழுதவில்லை என்று நானே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. அந்த மூன்று சொல்லை எழுத எனக்கு மனசு இல்லை. எனக்கு 'முடியாது' என்று சொல்லத் தெரியாது. 'நாளைக்கி' என்று சொல்லத்தான் தெரியும்.

அந்தப் பத்து நாளும் நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்ல? சாக்கை எடுக்க உள்ளே வரும்போதெல்லாம் கண் தாள் அறைப் பக்கம் போகும். முதலாளி பத்துக் கட்டுகளின் உறையையும் ஒரேயடியாகக் கிழித்து வைத்திருந்தார், காற்றாடட்டும் என்று. வெளியே சாரல்! மேற்குச் சுவரை ஒட்டிப் புதுப் பெட்டிகள். குண்டு பல்பு அணைந்து கிடந்தது. தாள் கட்டுகளைப் புத்தகம் மாதிரி நிறுத்தி வைத்திருந்தார். நடுவில் வளைந்து பிறை மாதிரி ஆகிவிட்டிருந்தன. நான் தோளில் சாக்கோடு நின்று பார்ப்பேன். உள்ளே போய் ஒரே ஒரு பெட்டியையாவது சுவரை விட்டுத் தள்ளி வைக்கலாம் என்று கை பரபரக்கும். பிறகு மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். தபால் ஆபீஸ் வரைக்கும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போவேன், மெஷின் மாதிரி.

தங்கச்சி ஒரு நாள் வாசலில் வழிமறித்தாள். "அண்ணாச்சி, அங்கன கவரெல்லாம் தானா ஒட்டிக்கெடக்கு. தாளு அப்பளமா சுருளுது. மொதலாளி மெஷினத் திட்டுதாரு, மெஷின் மொதலாளியத் திட்டுது. நீங்க என்னன்னா மூடையத் தூக்கிட்டுப் போறீக. அந்தப் பேப்பர்ல உள்ளத உள்ளபடி எழுதிக் குடுத்தா என்ன, கொறைஞ்சா போயிருவீக?"

"எனக்கு எழுத்து வராது தாயி."

"வந்த மட்டும் எழுதுங்க. நான் என்ன மார்க்கா போடப் போறேன்?"

இன்று காலை மெஷின் மறுபடி நின்றது. ஆலங்குளத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் கடிதங்கள், நாளைக்குள் போக வேண்டியவை. முதலாளி மதுரைக்கு போன் செய்தார். படிவம் வரவில்லை, அது இல்லாமல் ஆள் அனுப்ப முடியாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். போனை வைத்துவிட்டு வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"ஏலே, நீ எழுதாததுனாலதான் அவன் வரமாட்டேங்கான். இன்னைக்கி எழுதாம நீ சாக்கத் தொடக்கூடாது."

நான் சாக்கைக் கீழே வைத்தேன். பையில் இருந்த படிவத்தை எடுத்தேன். வேர்வையில் நைந்து மடிப்பில் கிழியப் பார்த்தது. தங்கச்சி மேசையின் ஓரத்தில் வைத்து, நின்றபடியே எழுதினேன். எழுதி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. முதலாளி பக்கத்திலேயே நின்றார். இதுதான் நான் எழுதியது, தங்கச்சி திருத்தாமல் அப்படியே:

'தாலின் நாலு மூலையிலும் மஞ்சளும் கஞ்சித் தன்னியும் தடவி காயும் முன்னால் வைத்தோம். கஞ்சி வாங்கி வந்தது நான். தால் ஒட்டும் என்று எனக்குத் தெரியும். கவரில் தடவலாம் என்றும் தெரியும். சொல்லவில்லை. அதுதான் காரனம்.'

முதலாளி வாங்கிப் படித்தார். ஒரு தடவை படித்தார், பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். தங்கச்சி தட்டுவதை நிறுத்திவிட்டாள். வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"தண்ணிக்கு மூணு சுழி," என்றார்.

தங்கச்சியின் பேனாவை எடுத்து 'தன்னி'யில் இரண்டு இடத்திலும் ஒரு சுழியைச் சேர்த்தார். 'தாலு'க்கும் 'காரன'த்துக்கும் கையை வைத்தார், திருத்தினார். வேறு ஒரு வரியையும் அடிக்கவில்லை. தாளை மேசையில் வைத்து மறுபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்னா சொல்லணும்லா வே?"

'வே' என்றார். சொல்லணும்தான்.

தாள் அறைச் சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. அதை அவர் தொடவில்லை. வாசல் பக்கம் நடந்தவர் பாதியில் நின்று, திரும்பாமலே சொன்னார். "நாளைக்கித் தாள் லோடு வருது. எறக்கும்போது கூட நில்லும். ஒரு துண்டக் கிழிச்சி, அந்த நாக்குல வைச்சிப் பாப்பீருல்லா, அதையும் பாத்துட்டு எறக்கச் சொல்லும்." பிறகு படிவத்தை நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "கீழ தேதி போடலியே. தேதி இல்லாம இது என்ன ரிப்போர்ட்டு? போடும்."

பேனாவை வாங்கிக் கட்டத்துக்குக் கீழே எழுதினேன்.

ஆடி மாதம் 7, புதன்கிழமை.